சாட்சித் துண்டு

இழுத்தால் தடிக்க வேண்டிய துண்டு மெலிந்துகொண்டே போனது.

அங்கயற்கண்ணி முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டாள். அது அவள் சுபாவம்; தன்னைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இரும்பைச் சந்தேகப்படுவாள். திருகைத் தளர்த்தித் துண்டைக் கழற்றினாள், ஈரத்தை ஒற்றினாள், மறுபடி மாட்டி இழுத்தாள். திரையில் ஏற வேண்டிய கோடு இந்த முறையும் இறங்கியது. இன்னொரு முறை இழுத்தபோது கருவியில் பிழையில்லை என்பது புரிந்துவிட்டது. விரல் நீளமே இருந்த அந்த வெள்ளைத் துண்டின் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தது. அழகர்சாமி. அவளே எழுதிய எழுத்து. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

மதுரையில் மீனாட்சிக்கு அழகர் அண்ணன் அல்லவா, அந்தக் குறும்பில் அப்பா வைத்த பெயர்கள் இவை. அந்த அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறினார். உயர்த்திய கையை இறக்குவதற்குள் போய்விட்டார். மகாதமனி கிழிந்துவிட்டது என்றார்கள். நெஞ்சிலிருந்து ரத்தத்தை உடம்புக்கெல்லாம் எடுத்துப்போகும் பெரிய குழாய். அந்தக் குடும்பத்தில் எல்லாரும் தலைவாசல் இடிக்கிற உயரம் வளர்வார்கள், விரல்கள் நீளநீளமாக இருக்கும், அந்தக் குழாயின் சுவர் மட்டும் நைந்துபோயிருக்கும். அழகரின் உயரம் அவனுக்குக் கைப்பந்தாட்டத்தைக் கொடுத்தது, பிறகு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலையைக் கொடுத்தது. போன வருஷம் ஸ்கேனில் அவன் குழாயும் புடைத்திருப்பது தெரிந்தது.

அந்தப் புடைப்பைச் சுற்றிப் போர்த்தும் உறையைச் செய்வதுதான் கண்ணியின் வேலை. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனம், அதில் ஒரு ஆய்வகம், அதில் இவள். ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு மாதிரித் துண்டை வைத்து அவர்களுக்கு விளக்கியும் காட்டியிருந்தாள்.

"இது நெய்த துணியா கண்ணி?" என்று கேட்டாள் மதினி பவளக்கொடி. எதையும் தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும்.

"நெய்யவும் இல்ல, பின்னவும் இல்ல மதினி. இடியாப்பம் பிழிஞ்சா இழையெல்லாம் எப்படிக் கெடக்கும், அந்த மாதிரி தாறுமாறாக் கெடக்கு. நெசவுன்னா எந்த நூல் எங்க போகும்னு முன்னாடியே முடிவாகியிருக்கும். இதுல ஒண்ணுமே முடிவாகல. அதனால நாம சொல்லிக் குடுக்கலாம்."

"துணிக்குப் பாடம் எடுக்குறியாக்கும்" என்றான் அழகர்.

"ஆமாண்ணே. புதுசா இருக்கும்போது அச்சுல போட்டு எல்லாப் பக்கமும் அமுக்கி வச்சிருவோம். எந்த இழை ரொம்பச் செரமப்படுதோ அது தளர்ந்து விட்டுக்குடுத்துரும். மிச்சம் இருக்குற இழைக அமுங்குன நெலமைய மறக்காது. அப்புறம் அத நீ இழுத்தா ரப்பர் மாதிரி ஒல்லியாகாது. தடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் நீளும்போது உறையும் தடிச்சு இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"பவளம் மாதிரின்னு சொல்லு. நானும் கல்யாணத்துலருந்து அவளோட இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், தடிச்சுக்கிட்டேதான் போறா."

மதினி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். கண்ணி அவளிடம் மோதிரத்தைக் கேட்டு வாங்கித் துண்டில் கோத்தாள். சும்மா பிடித்தபோது மோதிரம் தொளதொளவென்று ஓடியது. இரண்டு முனையையும் இழுத்தாள். மோதிரம் நடுவில் அப்படியே இறுகி நின்றது. ஒரு முனையை விட்டதும் சாப்பாட்டுத் தட்டில் ணங்கென்று விழுந்தது. அழகருக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான்.

ஒவ்வொரு உறையைச் செய்யும்போதும் அதே கலவையில் ஒரு சின்னத் துண்டை வெட்டி வைப்பார்கள். அதற்குச் சாட்சித் துண்டு என்று பெயர். உறை அச்சோடு எங்கே போனாலும் அது கூடவே போகும், ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் போகும். பிறகு ஆய்வகத்துக்குத் திரும்பி, உடம்புச் சூட்டில் இருக்கும் உப்பு நீர்த் தொட்டியில் இறங்கிவிடும். நோயாளியின் மணிக்கட்டில் கட்டிய பட்டை அவருடைய நாடித்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். தொட்டியிலுள்ள சின்ன மோட்டார் அதே துடிப்பில் துண்டைச் சுண்டி இழுக்கும். உள்ளே இருக்கிற உறை என்ன வாழ்க்கை வாழ்கிறதோ அதையே வெளியே இதுவும் வாழும். நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது என்பதால்தான் சாட்சி.

அந்தச் சாட்சி இப்போது சொல்வது ஒன்றுதான். அழகரின் நெஞ்சுக்குள் இருக்கும் உறை, இழுக்க இழுக்க மெலிந்துகொண்டிருக்கிறது.

மற்ற துண்டுகளையும் எடுத்து இழுத்தாள். பெரும்பாலானவை நல்லபடி தடித்தன. சில தடிக்கவில்லை. எல்லாம் ஒரே கலவை, ஒரே அச்சு. அப்படியானால் கெட்டது ஆய்வகத்தில் இல்லை, வழியில் எங்கோ. தியேட்டர் நர்ஸ் ரெஜினாவுக்குப் போன் செய்தாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள்.

"சிஸ்டர், எங்க அண்ணன் ஆபரேஷன் அன்னைக்கு உறைய அச்சுலருந்து எப்ப எடுத்தீங்க?"

"பத்தரை இருக்கும் மேடம். ஏன், சார் நல்லாத்தான இருக்காரு?"

"நல்லா இருக்காரு. எடுத்த ஒடனே டாக்டர் போட்டுட்டாங்களா?"

"எங்க போட்டாங்க. அச்சத் தொறந்த பெறகுதான் வெளியிலருந்து சேதி வருது. வெள்ளிக்கிழமைல்ல மேடம், பத்தரையிலருந்து பன்னெண்டு ராகுகாலம். உங்க மதினி டாக்டர் கால்ல விழாத குறை. பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு நின்னோம்."

"அது வரைக்கும் உறை எங்க இருந்துச்சு?"

"பத்திரமா இருந்துச்சு மேடம். ஈரம் காயக் கூடாதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. சலைன் ஸ்டாண்டுல கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மேல சலைன் ஊத்திக்கிட்டே இருந்தேன். சாட்சித் துண்டையும் பக்கத்துலயே மாட்டிட்டேன்."

"தொங்கவிட்டீங்க" என்றாள் கண்ணி.

"ஆமா மேடம். நல்ல நேரம் கேக்குறவங்க எல்லாருக்கும் அப்படித்தான் செய்வோம். ஏதும் தப்பா?"

தப்பில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். ஈரமாக எது கையில் கிடைத்தாலும் நம் ஊர்க் கை அதைத் தொங்கத்தான் விடும்; கொடியில் போடுவோம், ஆணியில் மாட்டுவோம். கண்ணியின் குறிப்பில் ஈரம் காயக் கூடாது என்றிருந்தது, கிருமி படக் கூடாது என்றிருந்தது. தொங்கவிடக் கூடாது என்று இல்லை. ஆய்வகத்தில் எல்லாம் தட்டில் படுத்தே கிடக்கும் என்பதால் அவளுக்கு அது தோன்றவே இல்லை. பிறந்த குழந்தை போல எதையும் பிடித்துக்கொள்ளும் பருவத்தில், தன் எடையிலும் ஊற்றிய நீரின் எடையிலும் அந்த உறை ஒன்றரை மணி நேரம் இழுபட்டிருக்கிறது. அச்சு சொன்ன பாடத்தை ராகுகாலம் அழித்துவிட்டு வேறு பாடம் எழுதிவிட்டது. அதன் பிறகு அண்ணனின் ஒவ்வொரு துடிப்பும் அந்தப் பாடத்தையே மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறது.

ஆபரேஷன் செய்த டாக்டர் ஹமீதா போனில் முழுவதையும் கேட்டார்.

"எனக்கு ராகுகாலமும் தெரியாது, எமகண்டமும் தெரியாதும்மா" என்றார். "அந்தப் பொண்ணு பயந்து நடுங்கிக்கிட்டு நின்னா. ஒன்றரை மணி நேரம் குடுத்தா நமக்கு என்ன கொறஞ்சு போகுதுன்னு நெனச்சேன். யாரு எப்பக் கேட்டாலும் குடுத்திருக்கேன்."

"திரும்பத் தொறந்து வேற உறை போட முடியுமா டாக்டர்?"

"ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான் ஆகுது. உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய் ரணமா இருக்கும். இப்பத் தொறந்தா திரும்பி வருவார்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப ஒரு வழிதான் இருக்கு. அந்த உறை இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கு. பாடத்த மாத்திச் சொல்லிக் குடுக்கலாம். அண்ணன் முடங்கிப் படுக்கணும், முழங்கால நெஞ்சோட சேத்து. துடிப்பு ரொம்பக் கொறையணும். குழாய் நீளவே கூடாது. அப்படியே அமுங்கிக் கெடந்தா, உடம்புச் சூட்டுல பழைய பாடம் மெல்லத் திரும்பும்."

"மருந்து குடுத்துத் துடிப்பக் கொறைக்கலாம். ஆனா ஒண்ணு, அவருக்கு இது தெரியக் கூடாது."

"அவன் உசுரு டாக்டர். அவன்கிட்டச் சொல்லாம எப்படி?"

"சொன்னாப் பயப்படுவாரா மாட்டாரா? பயந்தாத் துடிப்பு என்ன ஆகும்? மருந்தால பயத்த முழுசாப் பிடிச்சு நிறுத்த முடியாதும்மா. உறைக்கு ஒவ்வொரு துடிப்பும் ஒரு இழுப்பு. நாம சொல்ற சேதியே ஆளக் கொன்னுரும். உறை கெட்டுப்போன மத்தவங்களையும் அப்படித்தான் கூப்பிடப் போறேன், சும்மா ஒரு செக்கப்புன்னு."

நிறுவனத்தின் முதலாளியும் அன்று கண்ணியிடம் அதையேதான் சொன்னார், வெளியே தெரியக் கூடாது என்று. டாக்டர் நோயாளிகளுக்காகச் சொன்னார், இவர் கம்பெனிக்காகச் சொன்னார். இரண்டு பேர் வாயிலும் ஒரே வார்த்தை வந்ததுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அழகர் போனை எடுக்கவில்லை. திருமங்கலம் பக்கத்துப் பள்ளியில் மாலை நேரத்தில் அவன் போன் பையில் கிடக்கும், பை ஏதாவது மரத்தடியில் கிடக்கும். பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து கூப்பிடச் சொன்னால், சார் உங்க தங்கச்சி அவசரமாம் என்று யாராவது ஓடுவார்கள். அந்த ஓட்டமே போதும். கண்ணி ஸ்கூட்டரை எடுத்தாள். கைப்பிடியில் மாட்டியிருந்த போனில் அண்ணனின் துடிப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது. எண்பது. எண்பத்திரண்டு. சுங்கச்சாவடி தாண்டும்போது சட்டென்று தொண்ணூற்றைந்துக்குப் போனது. எதற்காக ஏறுகிறது, என்ன செய்கிறான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தபோதுதான் நடு ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

மைதானத்தில் அவன் ஒரு ஸ்டூலின் மேல் நின்றிருந்தான்.

கம்பத்தின் உச்சியில் வலைக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே. முழு உயரத்துக்கும் எக்கி, பாதத்தின் முன்பகுதியில் நின்றுகொண்டு கயிற்றை இழுத்தான். இழுக்க இழுக்க வலை நீளவாக்கில் விறைத்தது, அகலத்தில் சுருங்கியது. சாதாரண வலை, இழுத்தால் ஒடுங்கத்தான் செய்யும். கண்ணிக்கு வலை தெரியவில்லை. அப்பாவின் கைதான் தெரிந்தது, மின்விசிறி இறகில் துணியோடு நின்ற கை.

கத்தக் கூடாது. ஓடக் கூடாது. அழக் கூடாது. சும்மா அந்தப் பக்கம் வந்தவள் மாதிரி நடந்துபோய், அண்ணன் கையை இறக்கும்படி, ஆனால் பயப்படாதபடி ஏதாவது சொல்ல வேண்டும். இத்தனை படித்தவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே வாயில் வரவில்லை. வந்தது இதுதான்.

"அண்ணே, ராகுகாலம் முடியட்டும். அப்புறம் கட்டிக்கலாம்."

அழகர் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடி அவளுடைய முகத்தையே பார்த்தான். பிறகு கயிற்றை விட்டுவிட்டுக் கையை மெல்ல இறக்கினான். ஸ்டூலிலிருந்து முட்டு வலிக்காரன் போல ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கினான்.

"சரி தாயி" என்றான். "நீ சொன்னா முடியட்டும்."

கண்ணி ஓரக்கண்ணால் போனைப் பார்த்தாள். எண் ஏறவில்லை. அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, ஒன்றும் விளங்கவில்லை அவனுக்கு என்று நினைத்தாள். டாக்டர் ஒரு புதுப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார், கொஞ்ச நாள் தங்க வேண்டியிருக்கும் என்றாள். தலையாட்டிவிட்டு, பந்துகளை உள்ளே வைக்கும்படி பிள்ளைகளிடம் சொன்னான். காரில்தான் போக வேண்டுமாம் என்று அவள் சொன்னதற்கும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனைத் தனி அறையில் முடக்கிப் போட்டார்கள். முழங்கால் நெஞ்சோடு சேர்ந்திருக்க ஒரு பட்டை, துடிப்பை அடக்க மருந்து, தலைமாட்டில் எண் ஓடும் திரை. புது வகை உடற்பயிற்சி என்று சொல்லி வைத்தார்கள். யாரும் அவனிடம் கோபமாகப் பேசக் கூடாது, சோகமாகப் பேசக் கூடாது. சிரிக்க வைக்கவும் கூடாது. சிரித்தாலும் எண் ஏறும். பவளக்கொடியிடம் டாக்டர் அவ்வளவுதான் சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் கேலி பேசுகிற மனிதனின் பக்கத்தில் மதினி ஆரஞ்சுச் சுளையை உரித்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தாள்.

சாட்சித் துண்டுத் தொட்டியைப் பக்கத்து அறைக்கே கொண்டுவந்துவிட்டாள் கண்ணி. துண்டையும் அண்ணன் மாதிரியே முடக்கி வைத்து, அவன் துடிப்பையே கொடுத்தாள். ஆனால் இழுத்துப் பார்க்க முடியாது. பாடம் மாறிக்கொண்டிருக்கும்போது இழுத்துப் பார்ப்பதும் அதற்கு ஒரு பாடம்தான். ஒரு தடவை இழுத்துவிட்டால் அதற்குப் பிறகு அது உண்மையான சாட்சி இல்லை. மாறுகிறதா இல்லையா என்று தெரியாமலே காத்துக்கிடக்க வேண்டும். இருட்டில் பாம்பு கிடக்கிறதா கயிறு கிடக்கிறதா என்று தெரியாமல் நிற்கிற பயம் அது, அதையே காலையும் மாலையும் பயந்தாள். சாப்பிடும்போது பயந்தாள். அண்ணனுக்கு முன்னால் மட்டும் பயப்படாதவள் மாதிரி இருந்தாள். அவளுக்கும் அதே நீள விரல்கள்தான். இனி தன் நெஞ்சை எந்த உறையை நம்பி ஒப்படைப்பது என்ற நினைப்பு வந்தபோது அதை அப்பால் தள்ளினாள்.

செக்கப் என்று கூப்பிடப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். விருதுநகரிலிருந்து மாரிக்கனி என்று ஒரு மளிகைக் கடைக்காரர் வர வேண்டியிருந்தது. அவருடைய மருமகன் கெட்டிக்காரன். சும்மா செக்கப்புக்கு எதற்கு டாக்டரே போன் செய்கிறார் என்று ஆஸ்பத்திரியில் யாரையோ பிடித்து விசாரித்துவிட்டான். மாமா, ஒங்க நெஞ்சுல வச்ச உறை கோளாறாம், சீக்கிரம் கார்ல ஏறுங்க என்றிருக்கிறான். மனுஷர் பதறிக்கொண்டு ஏறியிருக்கிறார். கள்ளிக்குடி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்களின் அழுகை ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. கண்ணி ஓடிப்போய் அண்ணன் அறைக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவன் கண்ணை மூடிக் கிடந்தான். உதடு குவிந்து, மூச்சு நீளநீளமாக வந்து போனது. திரையில் எண் அசையவே இல்லை. தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மருமகன் தாழ்வாரத்தில் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் செய்தது தப்பா? உண்மையைச் சொன்னான். கண்ணி அவனைப் பார்க்கத் திராணியில்லாமல் மாடிப்படி வழியாக இறங்கிப் போனாள்.

ஒரு காலையில் டாக்டர் வந்து, இதற்கு மேல் மருந்தை இந்த அளவில் கொடுக்க முடியாது, துண்டை இன்றைக்கு இழுத்துப் பார்த்துவிடலாம் என்றார். கண்ணி துண்டை உப்பு நீர்க் குப்பியில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். கப்பலூர் போய்க் கருவியில் மாட்ட வேண்டும். புறப்படுமுன் அண்ணனிடம் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று உள்ளே வந்தாள்.

"பையில என்ன, சாட்சித் துண்டா?" என்றான் அழகர்.

கண்ணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எதுக்கு அம்புட்டுத் தூரம் தூக்கிக்கிட்டுப் போற. இங்கனயே மோதிரத்தப் போட்டுப் பாப்போம்."

"உனக்கு எப்படிண்ணே..."

"செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூணுலருந்து நாலரை. நீ மைதானத்துல வந்து நின்னப்ப மணி அஞ்சு. பவளத்தோட இத்தன வருஷம் குடித்தனம் பண்ணுனவன்கிட்டயா ராகுகாலம் சொல்ற? அதுவும் நீ. பஞ்சாங்கத்த வச்சு எண்ணெய்ப் பலகாரம் ஒத்தி எடுக்குறவ." அவன் சிரிக்கவில்லை; வார்த்தைகளைத் தரையில் வைப்பது போல ஒவ்வொன்றாக வைத்தான். "நீ ராகுகாலம் பாக்குற அளவுக்குப் பயந்துட்டன்னா, அது என் நெஞ்சுல உள்ளதப் பத்தித்தான் இருக்கும்னு ஸ்டூல் மேலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்பத் துடிப்பு ஏறவே இல்லையே."

"ஏற விடல. சர்வீஸ் போடப் போறவனப் பாத்து ஊரே கத்தும். துடிப்ப எறக்கத் தெரியாதவன் பந்த வலையிலதான் அடிப்பான். அதத்தான இருவது வருசமாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறேன், மூச்ச எண்ணுடா, மூச்ச எண்ணுடான்னு. நீங்க எல்லாரும் என்னைப் பயங்காட்டாம இருக்க எம்புட்டுப் பாடுபடுறீங்க. என் பங்குக்கு நான் இதாவது செய்யணும்ல."

கண்ணியின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் தனியாகச் சுமக்கிறோம் என்று நினைத்த பாரத்தின் மறுமுனையை அவன் முடங்கிப் படுத்தபடியே பிடித்திருந்திருக்கிறான்.

"அழாத" என்றான். "நீ அழுதா எனக்கு ஏறும்."

அவள் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் கண்ணி. பவளம் அன்னைக்கு நிறுத்தி வச்சதுலதான் கோளாறுன்னு, நீ ராகுகாலம்னு சொன்னப்பவே ஊகிச்சுட்டேன். அந்த ஒன்றரை மணி நேரக் கதை பவளத்துக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டா. மோதிரத்த வெளையாட்டுக்குக் கேக்குற மாதிரிக் கேளு."

கண்ணி திரும்பினாள். மதினி வாசலிலேயே நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. மோதிரம் அவள் விரலில் இல்லை. முந்தானை நுனியில் முடிந்து வைத்திருந்தாள். முடிச்சு பழையதாக, இறுகிப்போய் இருந்தது. பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

"நீ போன் பண்ணிக் கேட்ட அன்னைக்கே ரெஜினா சிஸ்டர் வந்து அழுதுட்டுப் போனாங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். "எப்பவாவது நீ கேப்பன்னு கழட்டி வச்சிருந்தேன்."

அழகர் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சை எண்ணத் தொடங்கினான். கண்ணி ஒரு ஸ்டீல் தட்டைக் கட்டில்மேல் வைத்தாள், மோதிரத்தைத் துண்டில் கோத்தாள். அது தொளதொளவென்று ஓடியது. மதினி குனிந்து அதை நடுவில் ஒற்றை விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

துண்டின் இரண்டு முனையும் மேலும் கீழுமாகக் கண்ணியின் கையில் இருந்தன. இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் பார்வை தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. இன்று வெள்ளிக்கிழமை. மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. தன்னைப் பற்றி அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் கை வரவில்லை.

"மதினி, பன்னெண்டு ஆகட்டுமா? அப்புறமா இழுப்போம்."

பவளக்கொடி கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேரம் பாத்ததெல்லாம் போதும்" என்றாள். "இழு."

கண்ணி இழுத்தாள். மதினி விரலை எடுத்தாள்.

மோதிரம் ஒரு நூல் அளவு வழுக்கியது. பிறகு நின்றது. கண்ணி இன்னும் கொஞ்சம் இழுத்தாள். துண்டு மோதிரத்தின் இரு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வந்தது.

"சத்தத்தக் காணோமே" என்றான் அழகர், மூடிய கண்ணோடு. "இன்னும் விழலையா?"

"விழலண்ணே."

அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. திரையில் எண் ஏறத் தொடங்கியது. மதினி பதறிப்போய் அவன் நெற்றியில் கையை வைத்து, மெதுவா, மெதுவா என்றாள். எண் இன்னும் ஏறியது. கண்ணி அந்த எண்ணையும் கையிலிருந்த மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பயம் அவளை விட்டுப் போகவில்லை, அவ்வளவு சீக்கிரம் போகவும் போகாது. ஆனால் இழுத்துக்கொண்டே இருந்தாள், மோதிரம் நின்றுகொண்டே இருந்தது. உள்ளேயும் இப்போது ஒவ்வொரு துடிப்புக்கும் இதுதான் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

"சிரிக்கணும்னா இப்பச் சிரிச்சுக்கோண்ணே" என்றாள்.